எலக்ட்ரான் கற்றை ஒளிர்வால் மெலிந்த அதிவேக வாயு ஓட்டத்தை அளப்பது: முழுமையான வழிகாட்டி

வெற்றிட அறைக்குள் பாயும் மெலிந்த வாயுவில் வேகமான எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால் கற்றை போகும் பாதை ஒளிரும். அந்த ஒளியின் செறிவிலிருந்து அடர்த்தியும், நிறமாலைக் கோடுகளின் பங்கீட்டிலிருந்து வெப்பநிலையும் கிடைக்கும். ஓட்டத்துக்குள் எந்தக் கருவியையும் நுழைக்க வேண்டியதில்லை. முறை இவ்வளவுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் ஒளி தெரிந்த உடனே ஓட்டத்தைத் திறந்து அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் கிடைக்கும் எண்களில் எது வாயுவின் குணம், எது கருவியின் குணம் என்று பிரிக்கவே முடிவதில்லை. அசையாத வாயுவில் சரியான விடை வந்த பிறகுதான் ஓடும் வாயுவுக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

எடுத்துக்காட்டாக எளிய நைட்ரஜன் தாரை ஒன்றை வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. துளை, துளைக்கு முன்னால், வாயு வரும் பக்கம், 10 டார் அழுத்தம் (1 டார் என்பது வளிமண்டல அழுத்தத்தில் 760-இல் ஒரு பங்கு), 300 கெல்வின் வெப்பநிலை, அறையில் 0.01 டார்.

1. முதலில் காகிதத்தில் கணக்கு

எந்த இடத்தில் என்ன அடர்த்தி வரும் என்று தெரியாமல் எதையும் வாங்கவோ பொருத்தவோ வேண்டாம். துளையிலிருந்து மாக் தட்டு (தாரையின் குறுக்கே நிற்கும் அதிர்ச்சி அலை) வரையுள்ள தூரம், துளை விட்டத்தின் 0.67 மடங்கை அழுத்த விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும். நம் தாரையில் விகிதம் 1000. ஆகவே மாக் தட்டு சுமார் 21 விட்டம், அதாவது 42 மி.மீ. தொலைவில் இருக்கும். அளவீடு அதற்குள் முடிய வேண்டும்.

மைய அச்சில் துளையிலிருந்து 3 விட்டத்தில் மாக் எண் (வேகம் ஒலியைப் போல எத்தனை மடங்கு என்பது) ஏறக்குறைய 4.8, வெப்பநிலை 54 கெல்வின், ஒரு கன செ.மீ.க்கு சுமார் 4×10¹⁵ மூலக்கூறுகள். 10 விட்டத்தில் மாக் எண் 8.7, அடர்த்தி 3×10¹⁴. வெப்பமாற்றமற்ற விரிவு விதி அங்கே 19 கெல்வின் என்று சொல்லும். நிஜத்தில் சுழற்சி வெப்பநிலை (மூலக்கூறுகள் சுழல்வதிலிருந்து கணிக்கும் வெப்பநிலை) அதைவிட அதிகமாக இருக்கும். காரணத்தை 9-ஆம் படியில் பார்ப்போம்.

இந்த அடர்த்திகள் முறைக்கு ஏற்றவை. 10¹⁶-ஐத் தாண்டினால் கிளர்ந்த அயனிகள் ஒளி விடுவதற்குள் மற்ற மூலக்கூறுகளோடு மோதி அணைந்துபோகும். கற்றையும் சிதறிப் பருத்துவிடும். 10¹³-க்குக் கீழே ஒளி போதாமல் நீண்ட நேரம் சேர்க்க வேண்டிவரும்.

பம்பையும் இப்போதே கணக்கிடுங்கள். இந்தத் துளை வழியாக நொடிக்கு சுமார் 6 டார்-லிட்டர் வாயு வரும். அறையை 0.01 டாரில் வைக்க, அந்த அழுத்தத்தில் நொடிக்கு 600 லிட்டருக்கு மேல் இழுக்கும் ரூட்ஸ் பம்ப் தேவை. பலர் பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள அதிகபட்ச எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். 0.01 டாரில் அந்த பம்ப் எவ்வளவு இழுக்கிறது என்ற வளைகோட்டைப் பாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

20 முதல் 30 கிலோவோல்ட் வரை தரும் சீரான மின்வழங்கி, டங்ஸ்டன் ஃபிலமென்ட் வைத்த எலக்ட்ரான் கன், குவிக்கக் காந்த லென்ஸ், திசைதிருப்பச் சுருள்கள், கன்னுக்குத் தனி டர்போ பம்ப், கற்றையைப் பிடிக்க ஃபாரடே கப், குவார்ட்ஸ் சன்னலும் லென்ஸும், மங்கலான ஒளியையும் அளக்கும் போட்டோமல்டிப்ளையர், ஸ்பெக்ட்ரோமீட்டர், அழுத்தத்துக்குக் கெப்பாசிட்டன்ஸ் மானோமீட்டர். கற்றை மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியரிலிருந்து ஒன்று வரை போதும்.

அழுத்தமானி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அழுத்தம் சொல்லும் பிரானி மானி வாயுவின் வகையைப் பொறுத்து வேறு எண்ணைக் காட்டும். அதை வைத்துக் காலிபரேஷன் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியை அளவுபடுத்துவது) செய்தால் பின்னால் வரும் எல்லா அடர்த்தியும் அந்தப் பிழையைச் சுமக்கும்.

3. பாதுகாப்பு: கன்னைத் தொடும் முன்

30 கிலோவோல்ட் எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதினால் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எக்ஸ் கதிர் வரும். அறையின் எஃகுச் சுவர் அதைத் தடுத்துவிடும். குவார்ட்ஸ் சன்னல் முழுதாகத் தடுக்காது. கண்ணால் பார்க்கும் சன்னலுக்கு ஈயக் கண்ணாடி போடுங்கள். ஒளியை எடுக்கும் குவார்ட்ஸ் சன்னலுக்கு நேரே யாரும் நிற்காதபடி தடுப்பு வையுங்கள். குறைந்த ஆற்றல் கதிரையும் உணரும் மீட்டரால் எல்லா ஃபிளாஞ்சையும் சுற்றிப் பாருங்கள். சாதாரண காமா மீட்டர் இந்த ஆற்றலில் உண்மை அளவைவிடக் குறைவாகக் காட்டலாம்.

மின்வழங்கியை அணைத்தாலும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். கன்னைத் திறக்கும்போதெல்லாம் எர்த் கம்பியைத் தொட்டு வைத்த பிறகே கையை நீட்டுங்கள். அறைக் கதவு திறந்தால் உயர் மின்னழுத்தம் தானாக அணையும் இன்டர்லாக் இருக்க வேண்டும். அவசரத்தில் அதை யாராவது பைபாஸ் செய்தால் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. இரண்டு அழுத்தங்களைப் பிரிப்பது

கன் அறை 10⁻⁵ டாருக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபிலமென்ட் சீக்கிரம் போகும், உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கும். ஓட்ட அறையோ 0.01 டார். இடையே கற்றை மட்டும் நுழையும் 1 மி.மீ. துளை.

இந்தத் துளை வழியாக 0.01 டாரிலிருந்து வரும் கசிவை நொடிக்கு 200 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப் எளிதாகச் சமாளிக்கும். கன் அறை 5×10⁻⁶ டார் அளவில் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ஒற்றை நிலை போதும் என்று முடிவு செய்பவர்கள்தான் அதிகம். ஆனால் காலிபரேஷனுக்கு ஓட்ட அறையை 0.3 டார் வரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது கசிவு முப்பது மடங்கு கூடி, கன் அறை 10⁻⁴ டாரைத் தாண்டிவிடும். அதனால் நடுவில் தனி பம்போடு இன்னொரு சிறு அறையும் இரண்டாவது துளையும் வையுங்கள். பம்பை ஓட்டத்துக்காக அல்ல, காலிபரேஷனுக்காகத் தேர்வு செய்ய வேண்டும்.

கன்னை இயக்கும் வரிசை: கன் அறை அழுத்தம் இறங்கியதும் ஃபிலமென்ட் மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றி, வாயு உமிழ்வு அடங்கும் வரை காத்திருங்கள். பிறகு, ஃபிலமென்டைச் சுற்றி நின்று கற்றையைக் கட்டுப்படுத்தும் வேனல்ட் கிரிட்டில் முழுத் தடுப்பு மின்னழுத்தம் கொடுங்கள். அதன் பின் உயர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். கடைசியாகக் கிரிட்டைத் தளர்த்திக் கற்றையை விடுங்கள். கிரிட் தடுப்பு இல்லாமல் மின்னழுத்தத்தை ஏற்றினால், இன்னும் குவியாத கற்றை துளையின் விளிம்பில் விழும். 30 கிலோவோல்ட், 1 மில்லி ஆம்பியர் என்றால் 30 வாட். மெல்லிய உலோகத் தகட்டை அது துளைத்துவிடும்.

5. கற்றையை நேர்படுத்துவது

ஓட்டம் இல்லாமல், வெற்றிடத்திலேயே இதை முடியுங்கள். ஃபாரடே கப்பின் மின்னோட்டம் அதிகபட்சமாகும் வரை சுருள்களைத் திருப்புங்கள். துளைத் தகட்டில் விழும் மின்னோட்டத்தையும் தனியாக அளந்து, அது குறைந்தபட்சமாகிறதா பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தினால்தான் கற்றை மையத்தில் போகிறது.

பூமியின் காந்தப்புலத்தை மறக்க வேண்டாம். அரை காஸ் குறுக்குப் புலத்தில் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கற்றை அரை மீட்டர் போவதற்குள் சுமார் 1 செ.மீ. விலகும். சுருளால் சரிசெய்யலாம், பக்கத்தில் காந்தப் பொருளை நகர்த்தினால் மறுபடி சரிசெய்ய வேண்டும். தாரைத் துளையை நகர்த்தும் மோட்டார்கூட இதைக் கெடுக்கும்.

கப் ஆழமாக இருக்கட்டும். தட்டையான தகடு வைத்தால் அதிலிருந்து இரண்டாம் நிலை எலக்ட்ரான்கள் வெளியேறி, மின்னோட்டம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். வாய்ப்பகுதியில் எதிர் மின்னழுத்தம் கொடுத்த வளையம் இருந்தால் இன்னும் நல்லது.

கற்றை மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போகிறதா? கற்றை நுழையும் துளையின் விளிம்புகளைப் பாருங்கள். பம்ப் எண்ணெயின் ஆவி அங்கே படிந்து, கற்றை பட்டுக் கருகி, மின்கடத்தாப் படலமாகிவிடும். அதில் மின்னேற்றம் சேர்ந்து கற்றையைத் தள்ளும். துளையைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. சுருளால் சமாளித்துக்கொண்டே போனால் நாளெல்லாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

6. ஒளியை எடுப்பது

வேகமான எலக்ட்ரான் நைட்ரஜன் மூலக்கூறை ஒரே மோதலில் அயனியாக்கிக் கிளர்த்துகிறது. அந்த அயனி சுமார் 60 நானோ நொடியில் ஒளி விட்டு இறங்குகிறது. இந்த ஒளிப் பட்டைகளின் பெயர்தான் முதல் எதிர்மத் தொகுதி. வலுவான பட்டைகள் 391.4 நானோமீட்டரிலும் 427.8 நானோமீட்டரிலும் உள்ளன. நம் தாரையில் வேகம் நொடிக்கு 800 மீட்டருக்குள்தான் வரும். 60 நானோ நொடியில் அயனி 0.05 மி.மீ. நகரும். கற்றையின் அகலம் அதைவிடப் பெரிது. ஆகவே ஒளி பிறந்த இடத்தின் அடர்த்தியையே சொல்கிறது.

கூடவே இரண்டாம் நேர்மத் தொகுதியும் வரும்: 337.1, 380.5, 394.3 நானோமீட்டர். இதை வேகமான கற்றை நேரடியாகத் தூண்டுவதில்லை. அயனியாக்கத்தில் தெறித்த மெதுவான எலக்ட்ரான்கள் தூண்டுகின்றன. அவை கற்றையைத் தாண்டிச் சுற்றிலும் பரவும். எனவே இந்த ஒளி நீங்கள் குறிவைத்த புள்ளியுடையது அல்ல. அடர்த்தியோடு நேர்விகிதத்திலும் ஏறாது.

391.4-ஐ மையமாகக் கொண்ட 10 நானோமீட்டர் அகல ஃபில்டர் எளிதாகக் கிடைக்கும் என்று எல்லோரும் அதையே போடுகிறார்கள். அதற்குள் 394.3 பட்டையும் நுழைந்துவிடும். 3 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய ஃபில்டர் போடுங்கள். அல்லது ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து, கலப்பு எவ்வளவு என்று அளந்து வையுங்கள்.

ஃபிலமென்டின் வெள்ளை வெளிச்சமும் துளை வழியாக உள்ளே வரும். அதைக் கழிக்க ஃபிலமென்டை அணைத்துப் பின்னணி எடுப்பது தவறு. அப்படிச் செய்தால் கழிக்க வேண்டிய வெளிச்சமே இருக்காது. ஃபிலமென்ட் எரியட்டும், கிரிட்டால் கற்றையை மட்டும் நிறுத்துங்கள். கிரிட்டை நொடிக்குச் சில நூறு முறை திறந்து மூடி, அதே தாளத்தில் வரும் சமிக்ஞையை மட்டும் எடுக்கும் லாக்-இன் பெருக்கியால் அளந்தால் இந்தத் தொல்லை தானாகப் போய்விடும்.

7. அசையாத வாயுவில் அடர்த்திக் காலிபரேஷன்

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஓட்ட அறையிலிருந்து பம்புக்குப் போகும் பெரிய வால்வை மூடி, தூய நைட்ரஜனை நிரப்புங்கள். 0.005 டாரில் தொடங்கி 0.3 டார் வரை படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் அழுத்தம், சுவரின் வெப்பநிலை, கற்றை மின்னோட்டம், ஒளிச் சமிக்ஞை நான்கையும் குறியுங்கள். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொண்டு எண் அடர்த்தியைக் கணக்கிடுங்கள். அறை வெப்பநிலையில் 1 டார் என்பது கன செ.மீ.க்கு 3.2×10¹⁶.

சமிக்ஞையை எப்போதும் கற்றை மின்னோட்டத்தால் வகுத்த பிறகே வரையுங்கள். ஆனால் அழுத்தம் ஏறஏறக் கப்பில் விழும் மின்னோட்டத்தை நம்ப முடியாது. கற்றை சிதறி ஒரு பகுதி கப்புக்கு வெளியே போகும். வாயு அயனியாவதால் உதிரி மின்னோட்டமும் சேரும். வெற்றிடத்தில் கப் மின்னோட்டம் என்ன, கன்னிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் என்ன, துளைத் தகடுகளில் விழுவது என்ன என்று ஆரம்பத்திலேயே ஒப்பிட்டு வையுங்கள். அழுத்தம் கூடியதும் கிளம்பும் மின்னோட்டத்திலிருந்து தகட்டில் விழுவதைக் கழித்துப் பயன்படுத்துங்கள்.

குறைந்த அடர்த்தியில் கோடு நேராக, பின்னணியைக் கழித்தபின் பூஜ்யம் வழியாகப் போக வேண்டும். போகாவிட்டால் பின்னணி சரியாகக் கழியவில்லை, அல்லது மானியின் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது. மேலே போகப்போகக் கோடு வளையும். இது மோதலால் ஒளி அணைவது. நைட்ரஜனில் ஒளி பாதியாகும் அழுத்தம் ஏறக்குறைய 1 டார் அளவில் இருக்கும்.

வளைவைக் கண்ணால் பார்த்து மதிப்பிடாதீர்கள். அடர்த்தியைச் சமிக்ஞையால் வகுத்து, அதை அடர்த்திக்கு எதிரே வரையுங்கள். அணைவு மட்டுமே காரணம் என்றால் நேர்கோடு வரும். அதன் வெட்டும் சாய்வும் உங்கள் இரண்டு காலிபரேஷன் எண்கள். நேர்கோடு வராவிட்டால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது 394.3 பட்டையாகவோ, கற்றை பருத்து ஸ்லிட்டின் (ஒளி நுழையும் பிளவின்) பார்வையிலிருந்து வெளியே போவதாகவோ இருக்கும். ஸ்லிட்டை அகலமாக்கிப் பாருங்கள். சமிக்ஞையின் விகிதம் மாறினால் கற்றை பருக்கிறது என்று பொருள்.

அணைவு வெப்பநிலையைப் பொறுத்தும் மாறும். காலிபரேஷன் 300 கெல்வினில், ஓட்டமோ 50 கெல்வினில். ஆகவே அணைவுத் திருத்தம் பத்து சதவீதத்துக்குள் இருக்கும் அடர்த்தியில் ஓட்டத்தை அளப்பது நல்லது. அப்போது திருத்தத்திலேயே சற்றுப் பிழை இருந்தாலும் விடை பெரிதாகக் கெடாது. துளைக்கு மிக அருகே அளக்க ஆசைப்பட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

8. அசையாத வாயுவில் அறை வெப்பநிலையை எடுத்துக் காட்டுங்கள்

ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரை நம்பலாமா என்பதற்கு இதைவிட நேரான சோதனை இல்லை. அறையில் 0.03 டார் அளவில் நைட்ரஜன், சுவரில் தெர்மோமீட்டர். 391.4 பட்டையின் சுழற்சிக் கோடுகளிலிருந்து அதே வெப்பநிலை வர வேண்டும்.

பட்டையின் நீண்ட அலைநீளப் பக்கம் பி கிளை (கோடுகளின் ஒரு வரிசை) மடிந்து ஒன்றாகக் குவிந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். குறுகிய அலைநீளப் பக்கம் ஆர் கிளையின் கோடுகள் தனித்தனியே நிற்கும். ஆரம்பத்தில் இடைவெளி சுமார் 0.06 நானோமீட்டர். ஆகவே 0.02 முதல் 0.03 நானோமீட்டர் வரை பிரிக்கும் கருவி வேண்டும்.

கோடுகள் ஒன்று விட்டு ஒன்று வலுவாகவும் மெலிவாகவும் வரும். அணுக்கருவின் தற்சுழற்சியால், மேல்நிலையில் சுழற்சி எண் (சுழற்சி ஆற்றல் நிலையின் வரிசை எண்) ஒற்றைப்படையாக உள்ள கோடுகளுக்கு எடை 2, இரட்டைப்படைக்கு 1. இந்த மாறுதல் உங்கள் பதிவில் தெளிவாகத் தெரியாவிட்டால், கோடுகள் சரியாகப் பிரியவில்லை அல்லது அடியில் உதிரி ஒளி இருக்கிறது. மேலே போகாதீர்கள்.

இனி கணக்கு. 1962-இல் முன்ட்ஸ் என்ற ஆய்வாளர் கொடுத்த மாதிரியே இன்றும் தொடக்கப் புள்ளி. ஒவ்வொரு கோட்டின் செறிவையும் அதன் மேல்நிலைச் சுழற்சி எண், மேலே சொன்ன எடை, அலை எண்ணின் நான்காம் அடுக்கு, கிளர்ச்சியின்போது சுழற்சி எண் ஒன்று கூடுவதையும் குறைவதையும் கணக்கில் எடுக்கும் முன்ட்ஸ் காரணி ஆகியவற்றால் வகுத்து, இயல் மடக்கை எடுங்கள். அதை, சுழற்சி எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி வரும் மதிப்புக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வரும். 2.86 கெல்வினைச் சாய்வின் அளவால் வகுத்தால் வெப்பநிலை.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி வருகின்றன. ஒளி விடுவது அயனி என்பதால் அயனியின் சுழற்சி மாறிலியைப் போடுவது முதல் தவறு. நமக்கு வேண்டியது மோதலுக்கு முன் நடுநிலை மூலக்கூறு எப்படிச் சுழன்றது என்பது, 2.86 அதனுடையது. இரண்டாவது, முன்ட்ஸ் காரணியை ஒரே ஒரு முறை போட்டு நிறுத்திவிடுவது. அந்தக் காரணிக்குள்ளேயே வெப்பநிலை இருக்கிறது. ஓர் ஊகத்தோடு தொடங்கி, வந்த விடையை மறுபடி உள்ளே போட்டு, எண் அசையாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

விடை சுவர் வெப்பநிலையோடு சில சதவீதத்துக்குள் பொருந்தினால் அடுத்த படி. பொருந்தாவிட்டால் பின்னணியையும் உணர்கருவியின் நேர்விகிதத்தையும் பாருங்கள். எண்ணைச் சரிசெய்ய ஒரு பெருக்கல் காரணியைப் போட்டுவிட்டு நகர வேண்டாம். 300 கெல்வினுக்குப் பொருந்தும் காரணி 50 கெல்வினில் பொருந்தாது.

9. இப்போது ஓட்டத்தைத் திறக்கலாம்

கற்றையையும் ஒளியியலையும் தொடாதீர்கள், தாரைத் துளையை நகர்த்துங்கள். கற்றையை நகர்த்தினால் காலிபரேஷனில் இருந்த வடிவம் மாறிவிடும். அறை அழுத்தம் நிலைத்த பிறகே பதிவு.

முதலில் மைய அச்சில் அடர்த்தி. துளையிலிருந்து சில விட்டம் தள்ளி, மடக்கை அளவில் வரைந்தால் அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக இறங்க வேண்டும். 1-ஆம் படியில் கணக்கிட்ட எண்களோடு ஒப்பிடுங்கள். மாக் தட்டு வருவதற்கு முன்பே அடர்த்தி மெதுவாக மேலே விலகினால், அறையின் வாயு தாரைக்குள் ஊடுருவுகிறது. நம் அறை அழுத்தத்தில் சுற்றியுள்ள வாயுவின் அடர்த்தியும் 10 விட்டத்தில் தாரையின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே அங்கே இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அறை அழுத்தத்தை மாற்றி மறுபடி எடுங்கள். எண் மாறினால் ஊடுருவல் உறுதி.

அடுத்து சுழற்சி வெப்பநிலை. துளைக்கு அருகே அது வெப்பமாற்றமற்ற விரிவுக் கணக்கோடு போகும். தள்ளிப் போகப்போக அதைவிட உயர்ந்து நிற்கும். மோதல்கள் குறைந்து, சுழற்சி ஆற்றல் இடம்பெயர்வு ஆற்றலோடு சமன் ஆக நேரம் கிடைக்காமல் உறைந்துவிடுகிறது. இதைக் கருவிப் பிழை என்று நினைத்துத் திருத்த வேண்டாம். மெலிந்த ஓட்டத்தை அளப்பதே இதைக் காணத்தான்.

ஆனால் முறைக்கென்று ஒரு நிஜப் பிழையும் அதே திசையில் இருக்கிறது. இரண்டையும் பிரிப்பதுதான் இந்த வேலையிலேயே கடினம். மிகக் குளிர்ந்த வாயுவில் மடக்கைக் கோடு நேராக வராது. உயர் சுழற்சி எண்களில் செறிவு எதிர்பார்த்ததைவிட மிகும். மெதுவான எலக்ட்ரான்கள் கிளர்த்தும்போது சுழற்சி எண் ஒன்றுக்கு மேலும் தாவுகிறது. முன்ட்ஸ் மாதிரியில் அதற்கு இடமில்லை. சூடான வாயுவில் இது தெரியாது. 50 கெல்வினுக்குக் கீழே முதல் நான்கைந்து கோடுகளில்தான் மூலக்கூறுகள் இருப்பதால் சிறு தாவலும் பெரிதாகத் தெரியும்.

பிரிக்க ஒரு வழி உண்டு. வெப்பநிலையோடு நிற்காமல், எந்தெந்தக் கோடுகளைப் பொருத்தினீர்கள் என்பதையும் மாற்றிப் பாருங்கள். கீழ்க் கோடுகளை மட்டும் வைத்தால் ஓர் எண், மேல்க் கோடுகளையும் சேர்த்தால் வேறு எண் என்றால், ஒற்றை வெப்பநிலை என்று எழுதுவதே சரியல்ல. கோடுகளின் செறிவை அப்படியே வெளியிடுங்கள். பிறகு தேக்க அழுத்தத்தை (தாரைத் துளைக்கு முன்னாலுள்ள அழுத்தத்தை) மாற்றி அடர்த்தியை மட்டும் கூட்டிப் பாருங்கள்: உறைதல் குறையும், மெதுவான எலக்ட்ரான்களின் பங்கு கூடும். இரண்டும் எதிர்த்திசையில் போவதால் எது மேலோங்குகிறது என்று தெரியும்.

10. அதிர்வு வெப்பநிலையும் திசைவேகமும்

அதிர்வு வெப்பநிலைக்கு 427.8 பட்டையையும் அதன் பக்கத்திலுள்ள 423.6 பட்டையையும் ஒப்பிடுவார்கள். நைட்ரஜனின் முதல் அதிர்வு நிலை சுமார் 3350 கெல்வின் உயரத்தில் இருப்பதால், 1000 கெல்வினில்கூட சில சதவீத மூலக்கூறுகளே அங்கே இருக்கும். அறை வெப்பநிலைத் தாரையில் இதை முயல்வது வீண். சூடாக்கிய தேக்க அறையோ உயர் என்தால்பி காற்றுச் சுரங்கமோ வேண்டும்.

திசைவேகத்துக்கு டாப்ளர் விலகலை அளக்க வேண்டும். நொடிக்கு 790 மீட்டருக்கு 391.4-இல் விலகல் 0.001 நானோமீட்டர்தான். ஃபேப்ரி-பெரோ குறுக்கீட்டுமானி இல்லாமல் முடியாது. நைட்ரஜன் அயனியின் கோடுகள் இரட்டையாகப் பிளந்திருப்பதால் வடிவத்தைப் பிரிப்பதும் சிக்கல். அதனால்தான் வேகப் பங்கீட்டு ஆய்வுகளில் ஹீலியத்தின் 501.6 நானோமீட்டர் ஒற்றைக் கோட்டை விரும்புகிறார்கள். அடர்த்தியும் சுழற்சி வெப்பநிலையும் கைக்கு வந்த பிறகு இதைத் தொடுங்கள்.

11. நாள் முடியும் முன்

ஓட்டத்தை நிறுத்தி, அறையில் மறுபடி 0.03 டார் நைட்ரஜன் நிரப்பி, காலையில் எடுத்த காலிபரேஷன் புள்ளி ஒன்றைத் திரும்ப எடுங்கள். சில சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் சன்னலில் படலம், கற்றையின் இடம், போட்டோமல்டிப்ளையரின் மின்னழுத்தம் மூன்றையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அன்றைய ஓட்டப் பதிவுகளுக்கு எதிரே அந்த நகர்வையும் குறியுங்கள்.

அணைக்கும் வரிசை ஏற்றிய வரிசைக்குத் தலைகீழ்: கிரிட்டால் கற்றையை நிறுத்துங்கள், உயர் மின்னழுத்தத்தை இறக்குங்கள், ஃபிலமென்டை மெதுவாக அணையுங்கள். அது முழுதாக ஆறும் வரை கன் அறைக்குள் காற்றை விடக் கூடாது. சூடான டங்ஸ்டன் ஆக்சிஜன் பட்டதும் ஆக்சைடாகிப் பொரிந்துபோகும். டர்போ பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கன் அறைக்கும் ஓட்ட அறைக்கும் நடுவிலுள்ள வால்வை மூடுங்கள், மின்வழங்கியில் எர்த் கம்பியை மாட்டிவிட்டு வெளியே வாருங்கள்.